கிச்சாப்பும் நம் வீட்டுச் சமையலும்



கேமரன் மலையில் பிரிஞ்சாங் பட்டணத்தைத் தாண்டிச் சாலை இன்னும் மேலே ஏறினால் கியா பார்ம் வருகிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரம். அருகிலேயே சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டம். அதை ஒட்டினாற்போல் மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி அமைத்த காய்கறித் தோட்டங்கள். முட்டைக்கோசு, சீனக்கோசு, சவி, கைலான், தக்காளி, வெங்காயத்தாள், செலரி என்று நாடெங்கும் போகும் காய்கறிகள் நம் வாசலில் இருந்துதான் லாரி ஏறுகின்றன.

இந்த மலையை 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் ஆராய்ந்து குறித்தார். அவர் பெயரே மலைக்கும் வந்தது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் இங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காடு திருத்தவும் கன்று நடவும் கொழுந்து எடுக்கவும் நம் முன்னோர் வந்தனர். காய்கறி பயிரிடச் சீனர்கள் வந்தனர். அன்றுதொட்டு நாமும் அவர்களும் அக்கம்பக்கத்தார். அவர்கள் நம் கறித்தூளை வாங்கிப் போனார்கள்; நாம் அவர்களிடமிருந்து கிச்சாப் போத்தலை வாங்கி வந்தோம்.

இன்று நம் லயத்து வீடுகளில் கிச்சாப் இல்லாத வீடு அரிது. ஆனால், அந்தப் போத்தலை நாம் எதற்குப் பயன்படுத்துகிறோம்? சுடுசோறு, அதன்மேல் ஒரு முட்டைப் பொரியல், அதன்மேல் கிச்சாப். பிள்ளைகள் சத்தமில்லாமல் சாப்பிட்டு விடுவார்கள். வேலை முடிந்து களைத்து வரும் தாய்க்கு அது ஒரு பெரிய உதவி. அதைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆயினும், பள்ளியில் பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்க்கும்போது, வாரத்தில் நான்கு நாள் அதே கறுத்த சோறு இருந்தால் ஆசிரியர்களாகிய நமக்குக் கவலை வரத்தான் செய்கிறது. வாசலில் விளையும் கீரை அந்த டப்பாவில் இல்லை. போத்தலில் இருந்த உப்போ வேண்டிய அளவுக்கு மேல் இருக்கிறது.

ஆகவே இன்று நாம் இரண்டு செய்திகளைப் பேசுவோம். கிச்சாப்பைக் கொண்டு பத்து நிமிடத்தில் காய்கறியும் புரதமும் சேர்ந்த உணவைச் சமைப்பது எப்படி என்பது ஒன்று. கிச்சாப்பை உப்புக்குப் பதிலாகப் போட வேண்டுமே தவிர, உப்போடு சேர்த்துப் போடக் கூடாது என்பது மற்றொன்று. இரண்டாவது செய்தியை மறந்துவிட்டால் முதல் செய்தியால் நன்மை இல்லை.

முதலில், கிச்சாப் என்பது என்ன?

சோயா மொச்சையை உப்புநீரில் நொதிக்க வைத்து எடுக்கும் சாறே கிச்சாப். ஹொக்கியன் மொழி பேசும் சீனர்கள் இதைத் 'தௌயூ' என்பர். கிச்சாப் என்ற மலாய்ச் சொல் அந்த மொழியின் வேறொரு சொல்லில் இருந்து வந்தது என்றும், ஆங்கிலேயரின் தக்காளிக் 'கெச்சப்' அதே வழியில் போன பெயர் என்றும் மொழியறிஞர் பலர் கருதுகின்றனர்.

நொதிப்பது நமக்குப் புதிய காரியம் அல்ல. இரவில் இட்லி மாவை ஆட்டி வைக்கிறோம். விடிந்ததும் பொங்கி நிற்கிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் இரவெல்லாம் வேலை செய்ததே காரணம். கிச்சாப்பிலும் அப்படித்தான், ஆனால் ஓர் இரவு போதாது, பல மாதங்கள் ஆகும்.

சோயா மொச்சையை ஊறவைத்து வேகவைக்கிறார்கள். அதனுடன் கோதுமையையோ கோதுமை மாவையோ கலந்து தட்டுகளில் பரப்புகிறார்கள். அதில் அஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே என்னும் ஒருவகைப் பூஞ்சையை வளர விடுகிறார்கள். சில நாட்களில் மொச்சைமேல் பஞ்சு போலப் பூஞ்சை படர்ந்துவிடும். பிறகு அதை அழுத்தமான உப்புநீரில் போட்டு, தாழிகளிலோ தொட்டிகளிலோ மாதக்கணக்கில் விடுகிறார்கள். பழைய முறையில் தாழிகளை வெயிலில் வரிசையாக வைப்பார்கள். பூஞ்சை உண்டாக்கிய நொதிகள், மொச்சையில் உள்ள புரதத்தைச் சிறுசிறு கூறுகளாக உடைக்கின்றன. கோதுமையின் மாவுச்சத்து சர்க்கரையாகிறது. நிறம் கறுக்கிறது, மணம் பிறக்கிறது. கடைசியில் பிழிந்து, வடிகட்டி, காய்ச்சிப் போத்தலில் அடைக்கிறார்கள்.

பூஞ்சை என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். இது ஆயிரமாண்டுக்கு மேலாக மனிதர் தேர்ந்தெடுத்து வளர்க்கும் தீங்கற்ற பூஞ்சை. அதற்காக வீட்டில் பூஞ்சை பிடித்த நிலக்கடலையைத் தட்டித் துடைத்துத் தின்னலாம் என்று எண்ணிவிடக் கூடாது. அதில் வளரும் பூஞ்சை வேறு. அது ஈரலைக் கெடுக்கும் நஞ்சை உண்டாக்கும். அத்தகைய கடலையைக் குப்பையில்தான் போட வேண்டும்.

கிச்சாப்பின் ருசிக்குக் காரணம் என்ன? உடைந்த புரதக் கூறுகளில் குளுட்டாமிக் அமிலம் என்பது ஒன்று. 1908ஆம் ஆண்டில் ஜப்பானிய வேதியியல் பேராசிரியர் கிக்குனாயே இக்கேடா, கடற்பாசிச் சாற்றின் சுவைக்கு இதுவே காரணம் என்று கண்டறிந்தார். அந்தச் சுவைக்கு 'உமாமி' என்று பெயரும் வைத்தார். நம்முடைய அறுசுவைப் பட்டியலில் அதற்குத் தனிப்பெயர் இல்லை. ஆனால் நம் நாக்குக்கு அது தெரியும். நன்றாகப் பழுத்த தக்காளி போட்ட ரசத்திலும், நெத்திலி போட்ட சம்பாலிலும், 'இன்னும் கொஞ்சம் சோறு போடு' என்று கேட்க வைக்கும் சுவை அதுதான். இந்தச் சுவை இருக்கும் இடத்தில் சற்றுக் குறைந்த உப்பே நாக்குக்குப் போதும் என்று தோன்றும். கிச்சாப்பினால் நமக்குக் கிடைக்கும் உண்மையான ஆதாயம் இதுவே.

இனி, கடையில் எதை வாங்குவது என்று பார்ப்போம்.

நம் கடைகளில் முக்கியமாக மூன்று வகை உண்டு. கிச்சாப் சாயிர் என்பது நீர்த்தது, உப்புச் சுவை மிகுந்தது, வதக்கலுக்கு ஏற்றது. கிச்சாப் பெகாட் என்பது கெட்டியானது; நிறத்துக்காகச் சேர்ப்பது; பெரும்பாலும் கருக்கிய சர்க்கரை கலந்திருக்கும். கிச்சாப் மானிஸ் என்பது இனிப்பு வகை. இதில் சர்க்கரை மிக அதிகம். வீட்டில் நீரிழிவு உள்ளவர்கள் இருந்தால் இந்த வகையில் கை வைக்கும்முன் யோசிக்க வேண்டும்.

போத்தலின் பின்புறம் சேர்மானங்கள் மலாயில் அச்சிட்டிருக்கும். பள்ளியில் படிக்கும் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். 'காச்சாங் சோயா' என்றால் சோயா மொச்சை. 'காண்டும்' என்றால் கோதுமை. 'கூலா' என்றால் சர்க்கரை. 'காராம்' என்றால் உப்பு. நம் காரம் என்று குழம்பிவிட வேண்டாம். எந்தப் பொருள் அதிகமோ அது முதலில் வரும். முதலில் சர்க்கரை இருந்தால் அது எந்த வகை என்று நீங்களே முடிவு செய்து கொள்ளலாம். கோதுமையோ சோயாவோ ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்த வாசிப்பு மிகவும் அவசியம்.

நொதிக்க வைக்காமல், சோயாப் பிண்ணாக்கை அமிலத்தில் காய்ச்சிச் சில நாட்களிலேயே செய்யும் மலிவு வகையும் உண்டு. அம்முறையில் சரியான கவனம் இல்லாவிட்டால் 3-எம்சிபிடி என்னும் வேண்டாத பொருள் உண்டாகக்கூடும். 2001ஆம் ஆண்டில் பிரிட்டனின் உணவுத் தர அமைப்பு நடத்திய சோதனையில் சில சோயா சாஸ்களில் இது மிகுதியாக இருந்தது தெரியவந்தது. அதன்பின் பல நாடுகள் இதற்குக் கடுமையான வரம்பு விதித்தன. ஆகவே, பெயரும் தயாரிப்பாளர் முகவரியும் காலாவதித் தேதியும் இல்லாத போத்தலை மலிவு என்பதற்காக வாங்க வேண்டாம். இயற்கையாக நொதித்தது என்று குறிப்பிட்ட போத்தல் கிடைத்தால் நல்லது.

சைவ உணவு உண்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிச்சாப் பொதுவாகச் சோயாவும் கோதுமையும்தான். ஆனால் அதே அலமாரியில் அதே நிறத்தில் நிற்கும் 'சோஸ் தீராம்' என்பது சிப்பியின் சாறு சேர்ந்தது. விரத நாளில் போத்தல் மாறிவிடக் கூடாது அல்லவா?

இப்போது உப்புக் கணக்குக்கு வருவோம். இதுதான் இந்தப் பேச்சின் உயிர்நாடி.

பெரியவர் ஒருவர் ஒரு நாளில் மொத்தம் 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உண்ண வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. அதாவது ஒரு தேக்கரண்டி. குவித்து அல்ல, தலைதட்டி. காலை முதல் இரவு வரை எல்லாவற்றுக்கும் சேர்த்து அவ்வளவுதான். ஆனால் 2017, 2018ஆம் ஆண்டுகளில் நம் நாட்டில் எடுத்த ஆய்வில், மலேசியர் ஒருவர் சராசரியாக நாளொன்றுக்கு 7.9 கிராம் உப்பு உண்பதாகத் தெரியவந்தது. நம் நாட்டுப் பெரியவர்களில் பத்துப் பேருக்கு ஏறத்தாழ மூவருக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது. அது வலிக்காது, காய்ச்சல் போல் சுடாது. ஒருநாள் வாய் கோணிக் கை விழுந்த பிறகுதான் பலருக்குத் தெரிகிறது. சிறுநீரகமும் இதனால்தான் பலருக்குக் கெடுகிறது. பிறகு இரத்தச் சுத்திகரிப்புக்காக வாரம் மூன்று முறை மருத்துவமனைக்குப் போய்வர வேண்டிய நிலை. வளைந்து வளைந்து போகும் இந்த மலைச்சாலையில் அது எவ்வளவு பெரிய துன்பம் என்று நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒரு மேசைக்கரண்டி சாதாரணக் கிச்சாப்பில் ஏறத்தாழ 900 மில்லிகிராம் சோடியம் இருக்கும். உப்பாகக் கணக்கிட்டால் இரண்டேகால் கிராம். இரண்டு மேசைக்கரண்டி ஊற்றினால் நாலரை கிராம். அன்றைய பங்கு அநேகமாக முடிந்தது! சோற்றின்மேல் போத்தலைக் கவிழ்த்து ஊற்றும்போது இரண்டு கரண்டி போவது கண்ணுக்கே தெரியாது. அதே தட்டில் கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் இருந்தால் கணக்கு எங்கே போகும்?

'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்றார்கள் பெரியோர். 'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்று சொன்னவர்களும் அவர்களே. இரண்டையும் சேர்த்துப் பின்பற்ற நான்கு விதிகள் போதும்.

ஒன்று: கிச்சாப் போடும் பதார்த்தத்தில் உப்புப் போடக் கூடாது. அஜினோமோட்டோவும் சுவைத்தூள் கட்டியும் வேண்டாம்; அவற்றிலும் சோடியம் உண்டு. இரண்டு: போத்தலிலிருந்து நேரே ஊற்றாமல் கரண்டியில் அளந்து ஊற்ற வேண்டும். மூன்று: நான்கு பேருக்குச் சமைக்கும் ஒரு பதார்த்தத்துக்கு ஒரு மேசைக்கரண்டியில் தொடங்க வேண்டும், அப்படியானால் ஆளுக்கு அரைகிராம் உப்புக்குச் சற்று மேலேதான் போகும். நான்கு: போத்தலைச் சாப்பாட்டு மேசையில் வைக்காமல் அடுப்படி அலமாரியில் வைக்க வேண்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குக் கிச்சாப் அறவே கூடாது. உப்புக் குறைத்த கிச்சாப் என்று விற்பவற்றில் சிலவற்றில் பொட்டாசியம் உப்புச் சேர்ப்பதுண்டு. சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேளாமல் அவற்றை வாங்கக் கூடாது.

சரி, சமையலுக்கு வருவோம். நம் மலைக்கும் இந்தச் சமையலுக்கும் ஒரு தனிப் பொருத்தம் உண்டு. கடலோரத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கிறது. உயரம் ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைவதால் தண்ணீர் முன்னதாகவே கொதித்துவிடும். கியா பார்ம் உயரத்தில் ஏறத்தாழ 95 பாகையில் கொதிக்கும். அதனால்தான் நம் வீட்டில் பருப்பு வேக அதிக நேரம் ஆகிறது. ஈப்போவில் இருக்கும் உறவினர் வீட்டில் அவ்வளவு நேரம் ஆவதில்லை. ஆனால் காய்ந்த எண்ணெயின் சூட்டை மலை குறைப்பதில்லை. குவாலியில் எண்ணெய் காய்ந்ததும் போட்டுக் கிளறும் சமையல் மலையிலும் சமவெளியிலும் ஒரே வேகம்தான். பருப்பு ஓர் அடுப்பில் வேகிற நேரத்துக்குள் மறு அடுப்பில் காய்கறிப் பதார்த்தம் முடிந்துவிடும். எரிவாயுவும் மிச்சம்.

எதையும் சமைக்கும்முன் கீரையை இதழ் இதழாகப் பிரித்து, ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். கோசின் வெளி இலைகளை நீக்கிவிடுங்கள். பூச்சிமருந்து அடித்த காய்கறிக்கு இது மிகவும் தேவை. கழுவியபின் நன்றாக வடிய விடுங்கள். ஈரத்தோடு போட்டால் வதங்காது, அவிந்துபோகும். எல்லாவற்றையும் நறுக்கி வைத்த பிறகே அடுப்பைப் பற்ற வையுங்கள்.

முதலாவது, பூண்டு போட்ட கீரை வதக்கல். நான்கு பேருக்கு அரைக் கிலோ சவி அல்லது கைலான். தண்டு தனி, இலை தனி என்று நறுக்கிக் கொள்ளுங்கள். குவாலியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் காய்ந்ததும் நான்கு பல் பூண்டைத் தட்டிப் போடுங்கள். பூண்டு பொன்னிறமாகத் தொடங்கியதும் தண்டைப் போட்டு ஒரு நிமிடம் கிளறுங்கள். பிறகு இலையையும் இரண்டு கரண்டித் தண்ணீரையும் சேருங்கள். இலை சுருங்கியதும் ஒரு மேசைக்கரண்டி கிச்சாப்பைக் குவாலியின் சூடான ஓரத்தில் சுற்றி ஊற்றுங்கள். ஓரத்தில் பட்டு ஆவி எழும்போது வரும் மணமே இந்தப் பதார்த்தத்துக்குச் சிறப்பு. இரண்டு முறை புரட்டி இறக்கிவிடுங்கள். முதலிலேயே கிச்சாப்பை ஊற்றிக் கொதிக்க விட்டால் மணம் போய்விடும், கீரையும் கறுத்துவிடும்.

இரண்டாவது, தௌஹூவும் தௌகேயும். சோயாப் பாலைத் திரித்து அழுத்திய கட்டி தௌஹூ. பயற்றை முளைக்க வைத்தது தௌகே. காய்ந்த சோயா மொச்சை 100 கிராமில் ஏறத்தாழ 36 கிராம் புரதம் இருக்கிறது. துவரம் பருப்பில் ஏறத்தாழ 22 கிராம். ஆனால் கிச்சாப்பை நாம் ஊற்றும் சிறு அளவில் அந்தப் புரதம் ஒன்றும் கிடைக்காது. கிச்சாப் போட்ட வெறும் சோறு மொச்சை உண்டதற்குச் சமம் ஆகாது. மொச்சையின் சத்து வேண்டுமானால் தௌஹூவைத் தின்ன வேண்டும். கெட்டியான தௌஹூ இரண்டு கட்டியைச் சதுரமாக வெட்டி, ஈரத்தைத் துணியில் ஒற்றி, கொஞ்சம் எண்ணெயில் எல்லாப் பக்கமும் சிவக்கப் பொரித்து எடுத்து வையுங்கள். அதே எண்ணெயில் பூண்டும் ஒரு வெங்காயமும் வதக்குங்கள். இரண்டு கைப்பிடி தௌகேயைப் போட்டு ஒரு நிமிடம் மட்டும் கிளறி, தௌஹூவைச் சேர்த்து, ஒரு மேசைக்கரண்டி கிச்சாப்பும் சிறிது மிளகுத்தூளும் வெங்காயத்தாளும் போட்டு இறக்குங்கள். விரத நாளில் பூண்டு வெங்காயம் வேண்டாதவர்கள் இஞ்சியை நறுக்கிப் போடலாம்.

மூன்றாவது, மலாய்க்காரர் வீடுகளில் 'ஆயாம் மாசாக் கிச்சாப்' என்று சொல்லும் கிச்சாப் கோழி. விருந்தாளி வரும் நாளுக்கு ஏற்றது. அரைக் கிலோ கோழியில் மஞ்சள் தூள் பிசறி லேசாகப் பொரித்து எடுங்கள். மீதி எண்ணெயில் பட்டை ஒரு துண்டு, அன்னாசிப்பூ ஒன்று, காய்ந்த மிளகாய் நான்கு, நறுக்கிய வெங்காயம் இரண்டு, இஞ்சி பூண்டு ஆகியவற்றை வதக்குங்கள். ஒரு தக்காளி, உருளைக்கிழங்கு இரண்டு, கோழி, ஒரு கிண்ணம் தண்ணீர் சேர்த்து மூடி, இளந்தீயில் அரைமணி நேரம் வேகவிடுங்கள். நம் உயரத்தில் ஐந்து நிமிடம் கூடவே ஆகலாம். எலும்போரம் சிவப்பு இல்லாமல் வெந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கிச்சாப் சாயிர் ஒன்றரை மேசைக்கரண்டி, நிறத்துக்குக் கிச்சாப் பெகாட் ஒரு தேக்கரண்டி ஊற்றிச் சாறு சுண்டியதும் இறக்கி, எலுமிச்சை பிழியுங்கள். கெட்டிக் கிச்சாப்பில் சர்க்கரை இருப்பதால் பெருந்தீயில் அடிப்பிடித்துக் கசக்கும். கோழிக்குப் பதில் காளான், தௌஹூ, உருளைக்கிழங்கு போட்டால் சைவம்.

நான்காவது, மீகூன். நூடல்ஸுக்குச் சீனர்தான் முன்னோடி. என்றாலும் மாமாக் மீ கோரெங்கை இந்நாட்டுக்குத் தந்தவர்கள் நம் தமிழ் முஸ்லிம் சமையற்காரர்கள். மீயும் கிச்சாப்பும் சீனர் தந்தவை. மிளகாய் அரைப்பும் அவித்த உருளைக்கிழங்கும் நம் கைவண்ணம். ஆக, கிச்சாப்பை நம் குவாலியில் ஏற்றியது இன்று நேற்றைய கதை அன்று. வீட்டில் செய்ய, மீகூனைப் பச்சைத் தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவைத்து வடியுங்கள். இரண்டு மேசைக்கரண்டி கிச்சாப்பை அரைக் கிண்ணம் தண்ணீரில் முன்பே கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்படிச் செய்தால் ஓரிடம் கறுத்து ஓரிடம் வெளுத்து இராது. கூடுதலாக ஊற்றவும் மனம் வராது. பூண்டு, மிளகாய் விழுது, இரண்டு முட்டை, நறுக்கிய கோசு, கேரட், சவி ஆகியவற்றை வதக்கி, மீகூனைப் போட்டுக் கரைத்த கிச்சாப்பை ஊற்றிக் கிளறுங்கள். மீகூன் எவ்வளவோ அவ்வளவு காய்கறி என்பதே அளவு. பொட்டலத்து மெகியைவிட இதற்கு ஐந்து நிமிடம் கூடுதல் ஆகும். ஆனால் பிள்ளையின் வயிற்றில் சேர்வது வேறு.

ஐந்தாவது, முட்டை ஆவி. பல் விழுந்த தாத்தா பாட்டிக்கும், காய்ச்சல் தெளிந்த பிள்ளைக்கும் மெத்தென்ற உணவு. மூன்று முட்டையை அடித்து, முட்டையின் அளவைப்போல் ஒன்றரை மடங்கு வெதுவெதுப்பான நீர் கலந்து வடிகட்டி, ஆழமான தட்டில் ஊற்றி, மேலே ஒரு தட்டால் மூடி, இளந்தீயில் ஆவியில் வையுங்கள். பதினைந்து நிமிடத்தில் தயிர்போல் உறைந்துவிடும். மேலே ஒரு தேக்கரண்டி கிச்சாப்பும் வெங்காயத்தாளும் போட்டுப் பரிமாறுங்கள்.

தொட்டுக்கொள்ள ஏதாவது இல்லாமல் சோறு இறங்காது என்பவர்களுக்கு ஒரு வழி. ஒரு மேசைக்கரண்டி கிச்சாப்பில் அதே அளவு எலுமிச்சைச் சாறு பிழிந்து, சிலி பாடியை நறுக்கிப் போடுங்கள். புளிப்பும் உறைப்பும் சேர்ந்து வருவதால் உப்புக் குறைந்தது நாக்குக்குத் தெரியாது. கரண்டிக் கணக்கில் உப்பு பாதியாகிவிடும்.

"டீச்சர், எங்க வீட்டுக்காரரு உப்பு குறைஞ்சா தட்டைத் தள்ளிடுவாரு" என்று சில தாய்மார்கள் நம்மிடம் சொல்வதுண்டு. ஒரேயடியாகக் குறைத்தால் யாருக்கும் பிடிக்காதுதான். இந்த வாரம் அளந்து ஊற்றும் பழக்கம் மட்டும் வரட்டும். அடுத்த வாரம் ஒரு தேக்கரண்டி குறையுங்கள். நாக்கு சில வாரங்களில் பழகிக்கொள்ளும் தன்மை உடையது. அதோடு, இதைத் தாய்மார்களின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமன்று. விடியற்பனியில் கொழுந்துக் காட்டுக்குப் போய் வந்தவர் அவரும்தானே? பூண்டு உரிக்கவும் கீரை கழுவவும் அப்பாவுக்கும் கை உண்டு. மூத்த பிள்ளைகளுக்கும் உண்டு. தானே கழுவி நறுக்கிய கீரையைப் பிள்ளை ஆவலோடு தின்பதைப் பல வீடுகளில் நாம் பார்த்திருக்கிறோம்.

முடிவாக, வரும் சனிக்கிழமை சம்பள வேலை முடிந்ததும் ஒரு சிறிய சோதனை செய்து பாருங்கள். வீட்டுக் கிச்சாப் போத்தலில் இன்றைய தேதியைப் பென்சிலால் எழுதி ஒட்டுங்கள். அது எத்தனை நாளில் தீர்கிறது என்று குறித்து வையுங்கள். அடுத்த போத்தலை அளந்து ஊற்றுங்கள். அது அதிக நாள் வந்தால், காசும் மிச்சம், உப்பும் குறைந்தது. நாற்பது வயது கடந்தவர்கள் கிளினிக்குக்குப் போகும்போது மறவாமல் இரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டு வாருங்கள்.